வீரலட்சுமியிடம் சொன்னது

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கரை கண்டவர் என்றும், வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவே தராசு முள்ளாய் நின்ற மேதை என்றும், கண்மாய்களில் தண்ணீர் உள்ளளவும் அவர் புகழ் நிற்கும் என்றும் பேராசிரியர் ஞானசம்பந்தத்தைப் பற்றிப் பள்ளத்தூர் சட்டக் கல்லூரியின் முகப்பில் ஒரு பளிங்குக் கல்லில் பொறித்திருந்தார்கள். வாசகத்தை எழுதிக்கொடுத்தவர் அவரே. 1962ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1977ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி வரைக்கும் அவருடைய மனைவி வீரலட்சுமி அவரிடம் சொன்ன ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை என்பதைப் பொறிக்கக் கல்லில் இடம் போதவில்லை. காதில் பழுது ஒன்றும் கிடையாது. தெருமுனையில் பஸ் திரும்பும் ஓசையை வைத்தே அது பள்ளத்தூர் பஸ்ஸா, தேவகோட்டை பஸ்ஸா என்று சொல்லிவிடுவார். மனைவி சொல் மட்டும் அவருக்குச் சார்வாகவில்லை. சார்வு என்பது கோர்ட்டுச் சொல். சம்மன் உரியவரிடம் முறைப்படி போய்ச் சேருவதை அப்படிச் சொல்வார்கள்.

கல்லூரியைத் தொடங்கிய ஏகப்பச் செட்டியார் பர்மாவில் ஒரு வழக்கில் தோற்றவர். நியாயம் அவர் பக்கம் இருந்தது, சாட்சி இருந்தது, அப்பீல் மனுவும் தயாராக இருந்தது. அதைத் தாக்கல் செய்யப் போன குமாஸ்தா வழியில் மழைக்கு ஒதுங்கியதில் கெடு தாண்டிவிட்டது. ஊர் திரும்பிய செட்டியார், நியாயத்தைச் சொல்லிக்கொடுக்க உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு, கெடுவைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை என்று, பாட்டனார் கட்டிய வீட்டில் பாதியை ஒதுக்கிக் கல்லூரி ஆக்கினார். குற்றவியல், ஒப்பந்தம், அரசியல் சட்டம் எல்லாமும் அங்கே உண்டுதான். அவை சமையற்கட்டை ஒட்டிய அறைகளில் நடந்தன. சிவில் புரொசீஜர் மட்டும் முன்கட்டின் பெரிய கூடத்தில், தேக்குத் தூண்களுக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் நடுவே நடந்தது. நாச்சியாபுரத்துச் சம்சாரி வீட்டில் பிறந்து, காரைக்குடியில் வீடு கட்டிக் குடியேறிய ஞானசம்பந்தம், சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு அந்தக் கூடத்தில் வந்து நிற்பார். கண்ணாடிகளில் எட்டுத் திசையிலும் தெரியும் தம் உருவத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார். பிறகு, உரிமை என்பது உயிர், நடைமுறை என்பது உடல், உடல் இல்லாத உயிருக்குப் பேய் என்று பெயர் என்று ஆரம்பிப்பார். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் மாணவர்கள் கைதட்டினார்கள். தட்டாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதே பாடத்தில் தவறினார்கள்.

நாச்சியாபுரத்தில் தகப்பனார் விட்டுப் போனது ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிக் கொஞ்சம் தோட்டம், கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். தம்பி மலையாண்டிதான் அதில் உழுதான், இறைத்தான், அறுத்தான். அண்ணன் வீட்டுக்கு வருஷாவருஷம் நெல்லும் கடலையும் வண்டியில் வந்து இறங்கின. ஒருநாள் மலையாண்டி காரைக்குடிக்கு வந்து, ஊரில் நாலு பேரை வைத்துப் பாகம் பிரித்துக்கொள்ளலாமா என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

“துண்டை விரிச்சு உட்கார்ந்தா ஒரு வெத்தலை போடுற நேரத்துல முடிச்சிறலாம்ண்ணே.”

“அதுக்குப் பேரு பாகப்பிரிவினை இல்லடா, பல்லாங்குழி. எதுன்னாலும் முறைப்படி வா.”

மலையாண்டி முறைப்படி வந்தான். ஒரு வக்கீலைப் பிடித்து முன்சீப் கோர்ட்டில் பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டான். ஊரார் இதைத் தம்பியின் துணிச்சல் என்றார்கள். அண்ணன் உள்ளூர மகிழ்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. முப்பதாண்டுகளாக அடுத்தவன் வழக்கையே பாடம் நடத்திய மனிதருக்குச் சொந்தமாக ஒரு வழக்குக் கிடைத்திருந்தது.

கோர்ட் அமீனா கருத்தையா சம்மனோடு வந்தபோது பேராசிரியர் பள்ளத்தூரில் இருந்தார். வீட்டில் வேறு ஆண்கள் இல்லை, பிள்ளையும் இல்லை. மாட்டைப் பார்த்துக்கொள்ளும் சோணை தொழுவத்தில் நின்றான். வீரலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “குடுங்கண்ணே, அவுக வந்ததும் குடுத்துர்றேன்” என்று கையெழுத்துப் போட்டு வாங்கினாள். சாயங்காலம் அவர் வந்ததும் காப்பி டம்ளரோடு அதையும் கொண்டுவந்து நீட்டினாள். அவர் படித்தார். இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது முகத்தில் ஒரு களை வந்தது. குறித்த நாளில் அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. பிரதிவாதி வராததால் மலையாண்டிக்குச் சாதகமாக ஒருதலைத் தீர்ப்பு ஆயிற்று. அதன் பிறகுதான் பேராசிரியர் கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பஸ் நிறைய மாணவர்களோடு கோர்ட்டுக்குக் கிளம்பினார்.

அன்றைய வாதத்தைப் பார்த்தவர்கள் பின்னாளில் அதைத் திருவிழாப்போலச் சொல்வார்கள். ஐந்தாம் கட்டளையின் பதினைந்தாம் விதிப்படி, பிரதிவாதி வீட்டில் இல்லாதபோது சம்மனை அவரோடு வசிக்கும் வயதுவந்த ஆண் உறுப்பினரிடம்தான் கொடுக்க வேண்டும். வேலைக்காரன் குடும்ப உறுப்பினன் அல்லன் என்று விளக்கமும் இருக்கிறது. ஆகையால் பெண்ணிடம் கொடுத்த சம்மன் கொடுக்காத சம்மன் என்றார். இளவயது முன்சீப் பேனாவை வைத்துவிட்டு, உங்கள் மனைவி அதை உங்களிடம் தரவில்லையா என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். பேராசிரியர் கோட்டின் இரண்டு மடிப்புகளையும் பிடித்துக்கொண்டு முழங்கினார்: “என் இல்லத்தில் ஒரு பெண்ணிடம் கொடுக்கப்பட்டது என்னிடம் கொடுக்கப்பட்டதாகாது. அவளிடம் சொல்லப்பட்டது என்னிடம் சொல்லப்பட்டதாகாது. அவள் எனக்குச் சொன்னதும் சட்டத்தின் பார்வையில் சொல்லப்படாததே!” மாணவர்கள் கைதட்டினார்கள், முன்சீப் மணியை அடித்தார், ஒருதலைத் தீர்ப்பு ரத்தானது. கடைசிப் பெஞ்சில் வீரலட்சுமி உட்கார்ந்திருந்தாள். தேவைப்பட்டால் சாட்சி சொல்வதற்கென்று அழைத்து வந்திருந்தார். தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலமே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. காலுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “ஏங்க, கொழுந்தனாரு மொகத்தப் பார்த்தீகளா, ஒரு மாதிரியா இருந்துச்சு” என்றாள் வீரலட்சுமி. அவர் தண்ணீரை வாங்கிக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். இரண்டாம் முறை சொன்னாள். அவர் விசிறியைத் தேடினார். நாலைந்து நாளில் அவளுக்குச் சந்தேகம் வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், “உங்க காலுக்கிட்டப் பாம்பு கெடக்கு” என்று சொல்லிப் பார்த்தாள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். தொழுவத்திலிருந்து சோணைதான் கம்போடு ஓடிவந்தான். அழைப்பில்லாமல் கூடத்துக்குள் எப்படி வரலாம் என்று பேராசிரியர் அவனைக் கடிந்துகொண்டார். பாம்பு இல்லை. அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேராசிரியருக்குத் தெரிய ஓராண்டு ஆனது என்று சிலர் சொல்வது தவறு. அவருக்குத் தெரியவேயில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, வேட்டி வெளுத்திருந்தது, அவர் பேசியதற்கெல்லாம் வீட்டில் எதிர்ப்பேச்சு இல்லை. தம் வாதத்திறமை வீடு வரைக்கும் எட்டிவிட்டது என்று அவர் எண்ணிக்கொண்டார்.

தபால்காரர் வீரலட்சுமியிடம் கொடுத்த கடிதங்கள் பேராசிரியர் பிரித்ததும் வெறும் தாளாக இருந்தன. சில மாதங்களில் தபால்காரரே அதைப் புரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் நிற்கும்போது மொத்தமாகக் கொடுக்கத் தொடங்கினார். கல்யாண அழைப்பு, காதுகுத்து அழைப்பு எதுவும் சேரவில்லை. வராததற்குக் கர்வம் என்று பெயர் வந்தது, அதை யாரும் சந்தேகிக்கவுமில்லை. ஒரு கோடையில் தெருமுழுக்க விஷக்காய்ச்சல் வீடுவீடாக வந்தபோது இந்த வீட்டில் கதவைத் திறந்தவள் வீரலட்சுமி. அவள் பத்து நாள் படுத்தாள். அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்குப் பொறாமையாக இருந்தது. “ஒனக்கு வாய்ச்ச யோகம் யாருக்குடி வரும்? நெனச்சதையெல்லாம் மூஞ்சிக்கு நேரா வஞ்சுக்கிரலாம்.”

“ஒரு வாரம் வஞ்சு பார்த்தேங்க்கா. சப்புன்னு இருக்கு. வஞ்சா அவுகளுக்குச் சுருக்குன்னு தைக்கணும்ல?”

1964ஆம் ஆண்டு தைப் பொங்கலுக்கு முன்னால், பேராசிரியர் கல்லூரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மலையாண்டி வந்தான். அந்தக் குடும்பத்துப் பங்காளிகளிடம் ஒரு முறை உண்டு. கேஸ் நடக்கும்போது அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசக்கூடாது. ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்கக்கூடாது. சமாதானம் வேண்டுமென்றால் தம்பி மதினியிடம் சொல்ல வேண்டும். மதினி அண்ணனிடம் சொல்வாள். மாட்டுப் பொங்கலன்று அண்ணன் தானாகப் போய்த் தம்பி வீட்டுப் பந்தியில் உட்காருவார். அதோடு எல்லாம் தீர்ந்தது. வேறு வழியாகச் சமாதானம் வந்ததில்லை, இந்த வழியில் வந்து தவறியதும் இல்லை.

“மதினி, அண்ணன்ட்டச் சொல்லுங்க. கெணறும் வேணாம், தோட்டமும் வேணாம், எல்லாத்தையும் அவுகளே வச்சுக்கிரட்டும். வந்து எம் பக்கத்துல ஒரு எலையில உட்கார்ந்துட்டுப் போனாப் போதும். கேஸை அன்னைக்கே வாபஸ் வாங்கிர்றேன்.”

“நீங்களே நேர்ல ஒரு வார்த்தை சொல்லிப்புடுங்க கொழுந்தனாரே. நான் சொன்னா அவுக காதுல விழுகாது.”

“அண்ணன் காது எனக்குத் தெரியாதா மதினி? நாலு தடவ சொன்னா விழுகும். நான் எப்படி நேர்ல பேசுறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அந்தக் குடும்பத்தில் நடைமுறைச் சட்டம் அண்ணனுக்கு மட்டும் தெரிந்ததாகப் பளிங்குக் கல் சொல்வது சரியில்லை.

வீரலட்சுமி நாலு தடவை அல்ல, அந்தப் பொங்கல் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள். இலையில் சோறு போடும்போது சொன்னாள். அரியக்குடிப் பெருமாள் கோயிலில் தீபாராதனை நேரத்தில், மணி நின்றதும் உரக்கச் சொன்னாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், பேராசிரியர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் ஒருவராவது அவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் மறுவாரமே சாட்சிச் சம்மன் வந்து, கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துவிடுவார் என்று ஊருக்கே பயம். வெயில் அதிகம் என்று சொன்ன ஒரு பழக்கடைக்காரரை அவர் அப்படி ஒருமுறை ஏற்றியிருக்கிறார். சுவரில் கரிக்கட்டியால் எழுதினாள்; அவர் கண்ணுக்குச் சுண்ணாம்பு மட்டும் தெரிந்தது. சோணையை அனுப்பினாள். அவன் எதிரே போய் நின்று வாயைத் திறந்தான். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தான். வேலைக்காரனைப் பற்றிய விளக்கமும் அதே விதியில்தான் இருக்கிறது.

கடைசியில் அமீனா கருத்தையா வீட்டுக்கே போனாள்.

“அண்ணே, நீங்க ஒரு சம்மனாட்டம் இதக் கொண்டு போய் அவுக கையில குடுத்துருங்க.”

“கோர்ட்டு முத்திரை இல்லாம நான் என்னத்தக் கொண்டு போனாலும் அது கடுதாசிதானே தாயி. முத்திரை வேணும்னா நீ கேஸு போடணும்.”

“எதுக்குண்ணே கேஸு?”

“உம் புருசன் மேல. சொன்னதக் கேக்கலன்னு.” கருத்தையா சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “மோர் குடிச்சிட்டுப் போ தாயி” என்றார்.

அந்த மாட்டுப் பொங்கலன்று மலையாண்டி தன் பக்கத்தில் ஓர் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். அண்ணன் வரவில்லை. அடுத்த தையிலும் மதினியிடம் சொல்லிவிட்டுப் போனான். அதற்கடுத்த தையிலும். பக்கத்து இலையில் எறும்பு ஏறும் வரை அவன் சோற்றில் கை வைப்பதில்லை என்று நாச்சியாபுரத்தில் சொன்னார்கள். இலையைப் போட்டவனே கேஸை ஒருதலையாக வாபஸ் வாங்கியிருக்கலாமே என்று கேட்டால், அண்ணன் வந்து உட்காராமல் வாபஸ் வாங்கினால் அது சமாதானம் ஆகாது, தோல்வி ஆகும் என்பான். ஆகையால் அவன் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு வந்து, வராந்தாவின் இந்தக் கோடியில் நின்றான். அண்ணன் அந்தக் கோடியில் நின்றார். ஒரு வாய்தாவில் பேராசிரியருக்குத் தூசியில் இருமல் வந்து நிற்காமல் இருமியபோது, தம்பி போய்ச் சோடா வாங்கி வந்து, வராந்தாவின் நடுவில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டான். பாட்டிலை வேறு யாரோ எடுத்துக் குடித்தார்கள்.

அண்ணனுக்கோ வழக்கை முடிக்க மனமில்லை. அது பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது. திருத்தமனு, ஆவணம் கேட்கும் மனு, கமிஷனர் போட மனு, கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபம், ஆட்சேபத்தைத் தள்ளியதற்குச் சீராய்வு என்று மாணவர்கள் பழகுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் அவர் அதில் தாக்கல் செய்தார். கிணற்றை அளக்கப் போன கமிஷனர்கள் மூன்று பேரும் மூன்று ஆழம் சொன்னார்கள். ஒவ்வோர் ஆண்டும் தேர்வில் ‘ஏ, பி ஆகிய இருவரும் சகோதரர்கள்’ என்று தொடங்கும் கேள்வி ஒன்று தவறாமல் வந்தது. பி என்பவன் எந்தெந்த இடங்களில் தவறு செய்தான் என்று எழுத வேண்டும். நன்றாக எழுதியவர்கள் முன்சீப்புகளாகவும் வக்கீல்களாகவும் ஆனார்கள். அவர்களில் ஒருவர் இதே கோர்ட்டுக்கு மாற்றலாகி வந்து, கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பி-யை நேரில் காண்பது இதுதான் முதல் தடவை என்று மலையாண்டிக்கு வணக்கம் சொன்னார்.

1973ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் மலையாண்டி மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். கேதம் சொல்ல வந்த ஆள் வாசலில் நின்று வீரலட்சுமியிடம் சொன்னான். பேராசிரியர் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரே நின்று சொன்னாள். உட்கார்ந்து சொன்னாள். கையைப் பிடித்து இழுத்தாள். பேனா மை தாளில் சிந்திவிட்டதென்று அவர் கோபித்துக்கொண்டார். மாரில் அடித்துக்கொண்டாள், பல்வலியாக இருக்கும், கிராம்பு வைத்துக்கொள் என்றார். அவள் தனியாக பஸ் ஏறினாள். நாச்சியாபுரத்தில் அண்ணன் வருவார் என்று மழையில் பொழுது சாயும்வரை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

தம்பி இறந்த செய்தி அண்ணனுக்கு அடுத்த வாய்தாவில் கிடைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, வாதி இறந்துவிட்டார் என்று மெமோ கொடுத்தார். பேராசிரியர் எழுந்தார். நாற்பதாண்டுப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. “தொண்ணூறு நாளைக்குள் இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், தவறினால் வழக்கு அற்றுப்போகும் என்பதைக் கோர்ட்டார் பதிவுசெய்துகொள்ள வேண்டும்” என்றார். நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார். பேராசிரியர் உட்கார்ந்தார். கோட்டின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். பிறகுதான் இறந்தது யார் என்பது அவருக்குப் போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வீரலட்சுமியைக் கேட்டார். அவள் உதடு அசைந்தது. வெற்றிலை மெல்லுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, இந்த நேரத்திலா என்றார். மலையாண்டியின் பெண்சாதி பொன்னுத்தாயி வாரிசு மனு போடவில்லை. தொண்ணூறு நாள் கழிந்து வழக்கு அற்றுப்போயிற்று. கிணறு, தோட்டம், வயல் எதையும் பிரிக்க வேண்டியதில்லை என்று ஆனது. கல்லூரியில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. சாகும்வரை தம்பி ஒரு வார்த்தை இறங்கி வரவில்லை என்பதுதான் பேராசிரியருக்கு இருந்த ஒரே மனக்குறை. அதைக் கூட்டத்திலும் சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

1976ஆம் ஆண்டு தில்லியில் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோது அவர் நெடியதோர் ஆட்சேபம் எழுதி அனுப்பினார். சம்மனைப் பெண்களிடமும் கொடுக்கலாம் என்று ஆக்கினால் குடும்பம் என்னும் அமைப்பே ஆட்டம் காணும் என்பது அதன் சாரம். கிடைத்தது என்று பதில் வந்தது. மறுவருஷம் பிப்ரவரி முதல் தேதி திருத்தம் அமலுக்கு வந்தது. அன்று காலை பள்ளத்தூர்க் கூடத்தில், ‘ஆண்’ என்னும் சொல் விதியிலிருந்து நீங்கியதைப் பற்றி, ஒரு பெரியவர் காலமானதைச் சொல்லும் குரலில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது காதருகே யாரோ, “ஏங்க, கொழுந்தனாரு மொகத்தப் பார்த்தீகளா, ஒரு மாதிரியா இருந்துச்சு” என்றார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். எட்டுக் கண்ணாடிகளிலும் எட்டுப் பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாணவர்கள் அடுத்த வாக்கியத்துக்காகப் பேனாவோடு காத்திருந்தார்கள். அதே வாக்கியம் இன்னொரு முறை வந்தது. அடுத்த வாக்கியம் பாம்பைப் பற்றியதாக இருந்தது. அவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார்.

சொன்னது சொன்ன வரிசையில், சொன்ன வேகத்திலேயே வந்தது. இடையில் நிறுத்தவோ முந்தித் தள்ளவோ வழியில்லை. அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து கேட்டார். மூக்குக்கண்ணாடி தலையணைக்கடியில் இருக்கிறது என்று வந்தது; அந்தக் கண்ணாடி தொலைந்து வேறு வாங்கி வருஷம் பதின்மூன்று ஆகியிருந்தது. “கோட்டு முதுகுப் பக்கம் தையல் விட்டு உள்துணி தெரியுது, இன்னைக்கு அதப் போட்டுக்கிட்டு மேடை ஏறாதீக” என்று வந்தது, அவர் ஏறியிருந்தார். அன்னக்கிளியிடம் சொன்ன அந்த ஒரு வாரத் திட்டும் வந்தது. அதற்கு அவர் ஓரிரு இடங்களில் ஆட்சேபம் தெரிவிக்க வாயெடுத்தார். சமையற்கட்டில் நரைத்த தலையோடு ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அவர் காதில் பேசிய குரல் இளமையாக இருந்தது. நாளாக நாளாக, அவர் உட்கார்ந்த இடத்திலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக முற்றியது.

பிறகு 1964ஆம் ஆண்டின் பொங்கல் வந்தது. “உங்க தம்பி வந்துட்டுப் போனாரு. கெணறும் வேணாம், தோட்டமும் வேணாங்குறாரு. வந்து பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டாப் போதுமாம்.” அடுத்த பொங்கல். அதற்கடுத்த பொங்கல். சோறு போடுகையில், பஸ்ஸில், கோயிலில், கெஞ்சி, கோபித்து, அழுது, ஒரு தடவை அவருக்குப் புரியும் என்று கோர்ட்டுத் தமிழில் “தங்கள் மேலான கவனத்துக்கு” என்று ஆரம்பித்து. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது; வருகிற வேகத்தில்தான் வந்தது. ஒரு மத்தியானம், “உங்க தம்பி போயிட்டாரு. எந்திரிச்சு வாங்க. மொகத்தையாச்சும் பார்த்துட்டு வந்துருவோம்” என்று வந்தபோது அவர் எழுந்து நின்று, செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். சற்றுப் பொறுத்து, “சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்” என்று வந்தது.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. 1974, 75, 76 மூன்றாண்டும் பாக்கி இருக்கிறதே என்று அவர் காத்திருந்தார். எங்கோ தாமதமாகிறது என்று எண்ணி மேலும் ஒரு வாரம் பார்த்தார். தாமதம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்ன வருஷங்களுக்கும் சொல்லாத வருஷங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவர் இருந்திருக்கிறார்.

அவர் நாச்சியாபுரத்துக்கு பஸ் ஏறினார். கிணற்றில் தண்ணீர் மேலாக நின்றது. இறைக்க ஆளில்லாமல் பச்சை படர்ந்திருந்தது. மலையாண்டி வீட்டு வாசலில் போய் நின்றார். தம்பி பெண்டாட்டி, புருஷனுக்கு மூத்தவரான மச்சாண்டாரோடு நேரில் பேசுவதில்லை என்பதால் பொன்னுத்தாயி கட்டிக்கிடந்த பசுவைப் பார்த்துப் பேசினாள்.

“என்ன வேணும்னு கேளு.”

“ஒரு இலை போட்டா உட்கார்ந்துட்டுப் போறேன்” என்றார் பேராசிரியர், அவரும் பசுவிடமே.

“எலை போட்டவரு இல்லன்னு சொல்லு.”

“கிணறு, தோட்டம் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துர்றேன்.”

“அதுக்கு இங்குட்டு யாரும் அழுகலன்னு சொல்லு. ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அஞ்சுக்குத்தான்னும் சொல்லு.”

பசு அவரைப் பார்த்தது. அவர் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினார்.

இப்போது வீரலட்சுமி எது சொன்னாலும் அவருக்குக் கேட்கும். பாத்திரம் வைக்கும் ஓசை, வளையல் ஓசை, அவள் மூச்சு வாங்கும் ஓசைகூடக் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசு என்று கேட்க அவருக்கு ஒரு வழிதான் தெரியும். காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றைத் தம் கையாலேயே எழுதினார். சம்மனை வாங்கிக்கொண்டு வாங்கவில்லை என்று வாதாடியதை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டார். தாமதத்துக்குத் தக்க காரணம் ஏதும் தம்மிடம் இல்லை என்று கடைசிப் பத்தியில் எழுதினார். அப்படி எழுதிய மனுவை எந்தக் கோர்ட்டும் அனுமதிக்காது என்று நாற்பதாண்டு பாடம் நடத்தியவர் அவர். பிரமாணம் செய்து, கையெழுத்திட்டு, நகல் இணைத்து, சமையற்கட்டு வாசலில் நின்று முறைப்படி அவள் கையிலேயே சார்வு செய்தார். வீரலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள். அடுப்பில் குழம்பு கொதித்து அடங்கியது. பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி, எதிர்மனுதாரராகத் தன் பெயர் இருந்த விவரத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மனுவைத் திருப்பிக் கொடுத்தாள்.

வயது என்று இருந்த இடத்தை அவர் நிரப்பியிருக்கவில்லை. அவருக்குத் தெரியாது.